ஆடு வந்தது, அம்புக்குறி வரவில்லை

வுர்யாந்தோவின் மேசைமேல் எப்போதும் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் இருக்கும். ஒன்று காகிதத்துக்கு, இன்னொன்று திரைக்கு. மதியத் தொழுகை முடிந்து வந்ததும் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, கண்களை உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருப்பார். தூங்குகிறாரோ என்று யாராவது தோளைத் தொட்டால், "தூங்கல, கண்ணு ரெண்டும் லீவு கேக்குது, குடுத்திருக்கேன்" என்பார். சிரிக்காமல்தான் சொல்வார்.

அது ஜாவாவின் வடகரையில், உப்பளங்களுக்கும் மீன் குளங்களுக்கும் நடுவே கிடக்கும் ஒரு மாவட்டம். அதன் தொழிற்கூட உரிம அலுவலகத்தில் பதினேழு வருடமாக அவர் ஒப்பந்த ஊழியர். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு தாள் வரும், கையெழுத்துப் போடுவார், இன்னொரு வருடம் ஓடும். நிரந்தர ஊழியர்கள் திங்கட்கிழமை காக்கி, புதன்கிழமை வெள்ளை, வெள்ளிக்கிழமை பாத்திக் என்று மாறி மாறி உடுத்துவார்கள். ஒப்பந்த ஊழியர்களும் அதே நிறத்தில்தான் உடுத்த வேண்டும். ஆனால் மார்பில் அந்தச் சின்ன உலோகச் சின்னம் இருக்காது. கூட்டத்தில் யார் யார் என்று பார்க்க, எல்லோருடைய கண்ணும் முதலில் அந்த இடத்துக்குத்தான் போகும். நானும் பார்த்திருக்கிறேன். பார்த்ததை அவரும் பார்த்திருக்கிறார்.

அவருடைய வேலை எளிது, சலிப்பானது. டோஃபு செய்பவர்கள், அப்பளம் பொரிப்பவர்கள், துணிக்குச் சாயம் போடுபவர்கள் உரிமம் கேட்டு விண்ணப்பிப்பார்கள். இரண்டு வரைபடங்கள் கட்டாயம். ஒன்று கட்டடத்தினுடையது. மற்றது கழிவுத் தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து எந்தத் தொட்டிக்குப் போய் எங்கே வெளியேறுகிறது என்று கட்டங்களும் அம்புக்குறிகளுமாகப் போட்ட படம். இரண்டும் இருக்கிறதா, திறக்கிறதா என்று பார்த்துப் பொறியாளர்களுக்கு அனுப்புவது வுர்யாந்தோ. கோப்புகளின் பெயர்களே ஒரு தினுசாக இருக்கும்: 'கம்பார் ஃபைனல்', 'கம்பார் ஃபைனல் திருத்தியது', 'கம்பார் ஃபைனல் சத்தியமா இதுதான்'. கம்பார் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் படம். பள்ளிப் புத்தகத்து யானையும் கம்பார், சுவரில் குழந்தை கிறுக்கியதும் கம்பார், தொழிற்கூடத்தின் வரைபடமும் கம்பார். தமிழில் நாம் 'படம்' என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போடுவோமே, அதே சங்கதி.

இரண்டு வருடத்துக்கு முன் வரை எல்லாம் காகிதமாக வந்தன. பிறகு விண்ணப்பத்துக்கென்று ஓர் இணையதளம் வந்தது. அதைச் செய்துகொடுத்த நிறுவனத்தின் ஆள் நான். மாவட்ட அலுவலகம் என்ன கேட்கிறது என்று இந்தோனேசிய மொழியில் வாங்கி, ஆங்கிலத்தில் எழுதி, கோயம்புத்தூரில் உட்கார்ந்து நிரல் எழுதுபவர்களுக்கு அனுப்புவதும், பிறகு பழுது என்றால் வந்து நிற்பதும் என் வேலை. பதினோரு வருடமாக இந்தக் கரையில் இருக்கிறேன். இருந்தாலும் என் வேலை அனுமதியும் வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற தாள்தான். அதனாலோ என்னவோ, வுர்யாந்தோவின் டிசம்பர் தாளைப் பற்றி அவரைவிட நான்தான் அதிகம் நினைத்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் செப்டம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. பதினைந்து வருடம் முடித்த ஒப்பந்த ஊழியர்களை நிரந்தரமாக்குகிறார்கள். பிரிவுத் தலைவரின் பரிந்துரைக் கடிதம் மாதம் முப்பதாம் தேதிக்குள் மாகாண அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வயது வரம்பு ஐம்பது. வுர்யாந்தோவுக்கு நாற்பத்தொன்பது. அடுத்த அறிவிப்பு எப்போது வருமோ, அப்போது அவர் வரம்பைத் தாண்டியிருப்பார்.

பிரிவுத் தலைவர் இபு ஹர்தினி (அங்கே இபு என்றால் அம்மா) கடிதத்தை எழுதிக்கூட வைத்துவிட்டார். கையெழுத்து மட்டும் போடவில்லை. காரணம், வுர்யாந்தோ பேரில் ஒரு புகார் இருந்தது. இரண்டு வருடத்தில் நூற்றுப்பன்னிரண்டு விண்ணப்பங்களில் கழிவுத் தண்ணீர் வரைபடம் காணாமல் போயிருந்தது. விண்ணப்பித்தவர்கள் எல்லோரும், அனுப்பினோம், தளம் பதிவு எண்ணும் கொடுத்தது என்று சத்தியம் செய்தார்கள். அலுவலகத்தில் திறந்து பார்த்தால் அந்த இடம் காலி. வந்த கோப்பை அழிக்கும் அதிகாரம் அந்தப் பிரிவில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அது வுர்யாந்தோ. மேற்கொண்டு யாரும் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. காப்பி குடிக்கப் போகும்போது அவரைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

டோஃபு செய்யும் பாக் ஜுமாரி அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக வந்த அன்று நான் அங்கேதான் அச்சுப்பொறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக் என்றால் அங்கே ஐயா, மஸ் என்றால் அண்ணன், ம்பாக் என்றால் அக்கா. அறுபது வயது, தலையில் கறுப்புத் தொப்பி, சட்டையெல்லாம் சோயாப் பால் வாசம். கத்துகிற மனிதர் இல்லை. முகப்பு மேசைக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, எதிரில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகப் பேசினார்.

"மஸ் வுர், என் மருமக ராப்பகலா உக்காந்து வரைஞ்ச படம். ரெண்டு தடவ அனுப்பிட்டா. நீங்க அதத் தின்னுடறீங்களா, இல்ல வீட்டுல சுவத்துல மாட்டறீங்களா? மாட்டறதா இருந்தா சொல்லுங்க, கண்ணாடிச் சட்டம் நானே போட்டுத் தரேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். வுர்யாந்தோ பணிவாக, தன்னிடம் வரவே இல்லை என்றார். ஜுமாரி ஒரு முடிச்சை அவிழ்ப்பதுபோல் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"என் ஆடு மட்டும் வந்துதே?"

அதற்கும் சிரித்தார்கள். அது உண்மைதான். முதல் தடவை ஜுமாரி தன் கைபேசியிலிருந்து தானே அனுப்பப் பார்த்து, வரைபடத்துக்குப் பதில் ஹஜ்ஜுப் பெருநாள் பலிக்கு வாங்கிய ஆட்டின் புகைப்படத்தை அனுப்பிவிட்டார். கழுத்தில் பள்ளிவாசல் குழுவின் எண் அட்டை தொங்க, ஆடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. கழிவுத் தண்ணீர் வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் அது அழகாகத் திறந்தது. வுர்யாந்தோ முறைப்படி 'பொருத்தமற்ற ஆவணம்' என்று குறித்துத் திருப்பி அனுப்பினார். அலுவலகத்தில் ஒரு வாரம் அந்த ஆட்டைப் பற்றித்தான் பேச்சு. அதற்குப் பிறகு மருமகள் அனுப்பிய சரியான வரைபடம் இரண்டு தடவையும் வரவில்லை.

ஜுமாரி போன பிறகு வுர்யாந்தோ கண்களைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கமான ஒரு நிமிடத்தைவிட நீளமாக. அப்புறம் கையை எடுக்காமலே என்னிடம் பேசினார்.

"மஸ், ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. ஆடு உள்ள வருது. அம்புக்குறி ஏன் வரமாட்டேங்குது?"

நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர் எவ்வளவு நாள் சுமந்திருக்கிறார் என்று அடுத்த பத்து நிமிடத்தில் தெரிந்தது. இழுப்பறையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். நூற்றுப்பன்னிரண்டு பேரும் அதில் இருந்தார்கள். யார், என்ன தொழில், எந்தக் கோப்பு வந்தது, எது வரவில்லை. கட்டட வரைபடம் ஒன்றுகூடக் காணாமல் போனதில்லை. காணாமல் போனதெல்லாம் கட்டமும் அம்புக்குறியும் போட்ட படங்கள். அவற்றைத் திரையில் திறந்து, கைபேசியால் புகைப்படம் எடுத்து அனுப்பிய ஆறு பேருடையது வந்திருக்கிறது. எழுத்துத் தெரியவில்லை என்று பொறியாளர்கள் அவற்றைத் தள்ளிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அவருக்குக் கணினி படிப்பு எதுவும் இல்லை. ஆனால் பதினேழு வருடம் கோப்பைப் பிரித்துப் பார்த்த ஆள், எது தொலைகிறது என்று பார்ப்பதற்குப் பதில் எது தொலைவதே இல்லை என்று பார்த்திருந்தார்.

நோட்டை வாங்கிக்கொண்டு போனேன். அன்று மாலையே காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு இரண்டு நாள் நான் அந்த அலுவலகத்துப் பக்கமே போகவில்லை.

காரணம் இதுதான். ஒரு கோப்பு இணையத்தில் பயணம் போகும்போது அதன்மேல் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டப்படும். கணினிக்காரர்கள் அதை மைம் வகை என்பார்கள். சீட்டில் இரண்டு சொற்கள், நடுவில் ஒரு சாய்கோடு. முதல் சொல் குடும்பப் பெயர் மாதிரி, இரண்டாவது சொந்தப் பெயர். புகைப்படம் என்றால் முதல் சொல் 'இமேஜ்'. எங்கள் தளம் கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின்னால் தொங்கும் வாலைப் பார்த்து, ஓர் அட்டவணைப்படி சீட்டை ஒட்டும். வரைபடத்துக்கான வாசலில் நின்று முதல் சொல்லை மட்டும் பார்க்கும். 'இமேஜ்' என்றால் உள்ளே விடும். இல்லை என்றால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டு, விண்ணப்பத்துக்கு மட்டும் பதிவு எண் கொடுத்துவிடும்.

கட்டட வரைபடக் கோப்புக்கு எந்தக் காலத்திலோ யாரோ 'இமேஜ்' என்று குடும்பப் பெயர் வைத்துவிட்டார்கள். அதனால் அது தப்பித்தது. ஆட்டுக்கும் அதே குடும்பம். ஆனால் கட்டமும் அம்புக்குறியும் போடுகிற மென்பொருளின் கோப்புக்கு முதல் சொல் 'அப்ளிகேஷன்'. அட்டவணைக்குத் தெரியாத புது வாலாக இருந்தாலும் அதே சொல்தான் விழும். அதையே பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினாலும் அதே சொல். ஆக, விண்ணப்பம் வாங்குவதற்கென்றே திறந்த வாசலில் 'அப்ளிகேஷன்' என்று எழுதியிருந்த எல்லாவற்றையும் இரண்டு வருடமாகத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

இதில் சிரிக்க ஏதோ இருக்கிறது என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் பழைய கடிதங்களைத் தோண்டியபோது சிரிப்பு வரவில்லை. மாவட்ட அலுவலகம் கேட்டது 'இந்த இடத்தில் கம்பார் மட்டுமே ஏற்க வேண்டும்' என்று. நான் அதை ஆங்கிலத்தில் 'இமேஜ் கோப்புகள் மட்டும்' என்று எழுதியிருந்தேன். எழுதியது மட்டுமில்லை. கோயம்புத்தூர்ப் பையன் தொலைபேசியில் சந்தேகம் கேட்டது கூட நினைவுக்கு வந்தது. "அண்ணே, படம்னா படந்தானே?" என்றான். "ஆமாப்பா, படந்தான்" என்றேன். எங்கள் இருவருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. வராத மாதிரி இரண்டு மொழியும் பார்த்துக்கொண்டன.

ஒரு வரியைத் திருத்தினால் போதும், அன்றே சரியாகிவிடும். யாருக்கும் எதுவும் சொல்லாமல் திருத்திவிட்டு, இனிமேல் படங்கள் வரும் என்று மட்டும் சொல்லலாம். பழைய நூற்றுப்பன்னிரண்டு எப்படிப் போயின என்று யாரும் கேட்கப் போவதில்லை, ஏனென்றால் அதற்கு ஓர் ஆள் ஏற்கெனவே இருந்தார். இந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று எழுத முடியாது. என் அனுமதித் தாளும் அக்டோபரில்தான் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் போனேன். தேதி பத்தொன்பது. முகப்பு ஓரமாக அவரைத் தள்ளிக்கொண்டு போய், கம்பார், படம், இமேஜ் மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினேன். திரைக் கண்ணாடியைக் கழற்றி, காகிதக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப நான் எதையும் அழிக்கல," என்றார்.

இல்லை என்றேன்.

"நடுவுல நானே அழிச்சிருப்பேனோன்னு நெனச்சிட்டேன், மஸ். ஒரே மாதிரி பெயரு, ஒரே மாதிரி பொத்தானு. கண்ணு அசந்துபோய் எதையாவது தட்டிட்டேனோன்னு. வீட்டுலகூடச் சொல்லல."

இதற்குப் பிறகு அவர் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வர நேரம் ஆனது.

கடிதம் எழுதலாம் என்றேன். அந்த ஊரில் வெறும் கடிதத்துக்கு மதிப்பில்லை. உறுதிமொழி என்று தலைப்பிட்டு, அரசு முத்திரை வில்லை ஒட்டி, கையெழுத்து பாதி முத்திரையிலும் பாதி தாளிலும் விழுகிற மாதிரிப் போட வேண்டும். முத்திரையை அவர்தான் தன் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாக்கில் நனைத்து ஒட்டியும் கொடுத்தார். என் கையெழுத்து முக்கால்வாசி முத்திரைக்குள்ளேயே முடிந்துவிட்டது. "இது செல்லுமா?" என்று கேட்டேன். "கொஞ்சம் வாலை நீட்டுங்க," என்றார். நீட்டினேன்.

இபு ஹர்தினி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. உயர்த்தாததுதான் பயம்.

"கம்பார்னு எழுதினது நான்தான், மிஸ்டர். அதுல என்ன தப்பு?"

அதில் தப்பே இல்லை என்றேன். அதுதான் சிக்கல் என்றும் சொன்னேன். சரியான சொல்லை அவர் எழுதினார், நானும் அதற்குச் சரியான சொல் என்று நினைத்ததைத்தான் எழுதினேன் என்று விளக்கப் போனேன். கை காட்டி நிறுத்தினார். வுர்யாந்தோ கதவருகே கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"புகாரைக் கிழிச்சுப் போட எனக்கு அதிகாரம் இல்ல," என்றார் இபு ஹர்தினி. "புகார் நூத்திப் பன்னெண்டு படம் காணோம்னு. பதில் என்னவா இருக்கணும்? நூத்திப் பன்னெண்டும் இருக்குன்னு. இந்தக் காகிதம் காரணம் சொல்லுது, படத்தைக் கொண்டுவரல. முப்பதாம் தேதிக்குள்ள படம் எல்லாம் உள்ள இருந்தா நான் கையெழுத்துப் போடறேன்."

"போன ஆளு, கடைய மூடின ஆளுன்னு இருந்தா, இபு?" என்று வுர்யாந்தோ கேட்டார். அந்த அறையில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

"மூடிட்டாங்கன்னு அவங்க கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

பதினொரு நாள். வாசலை நான் அன்றே திருத்திவிட்டேன், ஒரு வரிதான். மீதியெல்லாம் அவர். காலையில் முகப்பு வேலை. இடையில் தொலைபேசி. மாலை நாலரைக்கு மேல் பைக்கை எடுத்துக்கொண்டு, தொலைபேசி எடுக்காதவர்களின் வீட்டுக்கு. முதலில் ஒவ்வொருவரிடமும் சீட்டு, குடும்பப் பெயர், சாய்கோடு என்று நான் சொன்னதை அப்படியே சொல்லிப் பார்த்தார். யாருக்கும் புரியவில்லை, இரண்டு பேர் திட்டினார்கள். நாலாவது நாளிலிருந்து அதை விட்டுவிட்டு, "உங்க படம் தொலையல, வாசல்லயே நின்னுடுச்சு. இப்ப கதவு திறந்திருக்கு, இன்னொரு தடவ அனுப்புங்க" என்று மட்டும் சொன்னார். அது வேலை செய்தது. ஜுமாரிக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. ஆட்டுக்கு என்ன வழி விட்டீர்களோ அதே வழிதானே என்று கேட்டுவிட்டு, மருமகளைக் கூப்பிட்டு அப்போதே அனுப்ப வைத்தார். போகும்போது ஒரு பாளம் டோஃபுவை வாழையிலையில் சுற்றி வுர்யாந்தோவின் பைக்கில் மாட்டினார். அது லஞ்சமாகிவிடும் என்று இவர் மறுக்க, தின்றால்தான் லஞ்சம், சுவரில் மாட்டினால் இல்லை என்றாராம். இதைச் சொல்லும்போதுகூட வுர்யாந்தோ சிரிக்கவில்லை. களைப்பு சிரிப்பையும் தாண்டிப் போயிருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி மாலை நூற்று மூன்று படங்கள் உள்ளே இருந்தன. மீதி ஒன்பதில் ஏழு பேர் தொழிலை விட்டுவிட்டதாகக் கையெழுத்து. ஒருவர் இறந்துபோயிருந்தார், அவர் மனைவி போட்டார். கடைசி ஒன்று, சாயப்பட்டறை வைத்திருந்தவர், கலிமந்தான் தீவுக்குப் போய்விட்டார். அவரைப் பிடிக்க வுர்யாந்தோ அவருடைய பழைய பக்கத்து வீட்டுக்காரர், மச்சினர், பள்ளிவாசல் காரியதரிசி என்று ஒவ்வொருவராகப் பிடித்து, கடைசியில் முப்பதாம் தேதி காலை பத்து மணிக்குக் கையெழுத்தைக் கைபேசியில் வாங்கினார்.

இபு ஹர்தினி வார்த்தையைக் காப்பாற்றினார். நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு, யோசித்துவிட்டு, என் கடிதத்தையும் கோப்பில் சேர்க்கச் சொன்னார். இனி அந்த அலுவலகம் இருக்கும்வரை என் பெயரும் அந்தக் குட்டை வால் கையெழுத்தும் அதில் இருக்கும்.

பரிந்துரையை மாகாண அலுவலகத்தின் தளத்தில் ஏற்ற வேண்டும். அது வேறு யாரோ செய்த தளம். வுர்யாந்தோ கடிதத்தை ஸ்கேன் செய்தார், பெயர் வைத்தார், மவுஸ்மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டார்.

"மஸ், இதுக்கு முதல் சொல்லு என்ன?"

பிடிஎஃப், அதனால் 'அப்ளிகேஷன்' என்றேன்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அங்கே ஆவணத்துக்கென்றே தனி வாசல் இருக்கிறது, அது வாங்கிக்கொள்ளும், பயமில்லை என்று நான் சொன்னேன். நான் சொல்வதற்கு அவர் முகத்தில் என்ன மதிப்பு இருந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒருவழியாக ஏற்றினார். பச்சை நிறத்தில் 'பெறப்பட்டது' என்று வந்தது. பதிவு எண்ணும் வந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். நூற்றுப்பன்னிரண்டு பேருக்கும் இதே பச்சைதானே வந்தது.

அவர் தொலைபேசியை எடுத்து மாகாண அலுவலகத்துக்குப் பேசினார். மூன்று மேசை மாறி, சம்பந்தப்பட்ட எழுத்தர் கிடைத்தார். ஒரு பெண் குரல், சாப்பிடும் நேரத்தில் கூப்பிட்ட எரிச்சலோடு. பெறப்பட்டது என்று போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்டது.

"தெரியும், ம்பாக். மன்னிச்சுக்கணும். கொஞ்சம் திறந்து, முதல் வரிய மட்டும் வாசிச்சுக் காட்ட முடியுமா?"

"எதுக்கு பாக்?"

"உள்ள ஆடு கீடு இருந்துடப் போகுது."

அந்தப் பக்கம் மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் அலுப்போடு, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிப்பதுபோல் வாசித்தார்: வுர்யாந்தோ, பிறந்த ஊர், பிறந்த தேதி, பணியில் சேர்ந்த வருடம், பரிந்துரைப்பவர் ஹர்தினி. போதுமா என்று கேட்டார். போதும் என்றார் இவர். நன்றி சொல்லி வைத்தார்.

மார்ச்சில் ஆணை வந்தது. மைதானத்தில் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிற்க வைத்து, மார்பில் சின்னம் குத்தினார்களாம். நான் போகவில்லை. என் தாள் அக்டோபரில் புதுப்பிக்கப்பட்டிருந்தது, ஆனாலும் கூட்டத்தில் நிற்க மனம் வரவில்லை. மதியம் மூன்று மணிக்கு அச்சுப்பொறி சரியில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், சின்னம் சற்றே சாய்ந்திருக்க, இரண்டு கண்ணாடிகளும் மேசைமேல் கிடக்க, அவர் கண்களைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு கோப்பு திறந்திருந்தது. கட்டங்கள், அம்புக்குறிகள். யாருடைய கழிவுத் தண்ணீரோ ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.